வால்கயிறு பிடித்து நடந்த நாள்

போன வாரம் நம் சின்னவள் கல்லூரிப் பாடம் ஒன்றை மேசையில் விரித்துப் போட்டுக்கொண்டு பென்சிலால் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் பாடம். எட்டாம் வகுப்போடு நின்றுபோனவனுக்கு அதில் என்ன வேலை என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளாகத்தான் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அப்பா, இது சின்னப்பிள்ளை கணக்குதான். ஒவ்வொரு கட்டத்திலயும் ஒரு பேரு. பக்கத்திலயே அடுத்த கட்டம் எங்க இருக்குன்னு ஒரு அம்புக்குறி. தனக்கு அடுத்தது யாருன்னு மட்டும் அதுக்குத் தெரியும். தன்னை யார் பிடிச்சிருக்கான்னு தெரியாது."

நடுவில் ஒரு பேரைச் சேர்க்க வேண்டும், ஒரு பேரை எடுக்க வேண்டும், கடைசியில் முழு வரிசையையும் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இதுதான் பயிற்சி. கட்டங்களில் நம் வீட்டுப் பேர்களையே எழுதியிருந்தாள். எங்கோ ஓர் அம்புக்குறியை மாற்றிப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. கடைசிக் கட்டத்தின் அம்பு திரும்பி முதல் கட்டத்துக்கே வந்து நின்றது. அவள் விரலை வைத்துக்கொண்டு அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, நான், அப்பா, அம்மா என்று வாசித்துக்கொண்டே போனாள். "ஐயோ, இது நிக்கவே நிக்காதுப்பா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகில் சட்டையை யாரோ பிடித்த மாதிரி இருந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

பிள்ளைகளே, அந்தச் சங்கதியை உங்களில் ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. உங்கள் அம்மா இருந்தவரை அதைப் பேச விட்டதில்லை. இனி எழுதிவைப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. தேவிகுளத்துக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எங்களுக்கு ஒரு வீடு. உங்கள் அண்ணன் மழைக்காலத்தில்தான் பிறந்தான். நமக்குக் கோயில் மலைக்கு அந்தப் பக்கம், அடுத்த தோட்டத்தில் இருந்தது. சாமியார் மாதத்துக்கு ஒரு நாள் வருவார், பூசை வைப்பார், ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு இரண்டு மணிக்குள் ஜீப்பில் இறங்கிவிடுவார். அந்த வருடம் ரோடு இடிந்து இரண்டு மாதமாக அவர் வரவில்லை. அதனால் பிள்ளை மூன்று மாதமாகியும் பேரில்லாமல் கிடந்தான். போதாக்குறைக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய் வந்தது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் மருந்து கொடுத்தார், எங்கள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

ஞானஸ்நானம் பெறாமல் பிள்ளை போய்விட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு நாங்கள் நம்பியதை இன்றைக்கு உங்களிடம் விளக்குவது கஷ்டம். உங்கள் அம்மா அந்த மூன்று மாதமும் சரியாகத் தூங்கியதில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சாமியார் வருகிறார் என்று சேதி வந்ததும் விடிந்தும் விடியாமலும் ஒன்பது பேர் கிளம்பினோம்.

முன்னால் என் தாய்மாமன். அவருக்குப் பின்னால் ஞானத்தகப்பனாக நிற்க ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டு அண்ணன், ஞானத்தாயாக நிற்கப்போகும் அவர் மனைவி, லயத்து ஆட்கள் மூன்று பேர். ஏழாவது நான். எனக்குப் பின்னால் பிள்ளையோடு உங்கள் அம்மா. கடைசியில் அம்மாவின் தங்கை, பலகாரத் தூக்கோடு.

அந்த மலையில் மூடுபனியை மஞ்சு என்போம்; மஞ்சு இறங்கிவிட்டால் நீட்டிய கையின் விரல் தெரியாது. அதற்காக எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொருவரும் இடுப்பில் இரண்டு ஆள் நீளத்துக்குக் கயிறு கட்டிப் பின்னால் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அதற்குப் பெயர் வால். பின்னால் வருகிறவர் அந்த வாலின் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நெருங்கி நடந்தால் ஒருவர் வழுக்கும்போது எல்லோரும் சேர்ந்து விழுவார்கள் என்பதால் இந்த இடைவெளி. உன் கையில் இருப்பது முன்னால் போகிறவரின் வால், உன் வால் யார் கையில் இருக்கிறது என்பதை நீ பார்க்கப் போவதில்லை. ஏனென்றால் மஞ்சில் திரும்பிப் பார்க்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. மஞ்சுக்குள்ளே யாராவது உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது. அது இரண்டு தடவைதான் கூப்பிடுமாம். மூன்றாவது தடவை கூப்பிடுகிறவன் மனுசன். அப்போது குரல் கொடுக்கலாம். 'அது' என்றால் எது என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை, ஒருவரும் சொன்னதுமில்லை.

கிளம்பும்போது வெயில்கூட இருந்தது. ஞானத்தகப்பன் கேலிக்காரர்.

"ஏட்டி, வாலைப் பிடிச்சு இழுக்காத. நான் என்ன சந்தைக்குப் போற மாடா?"

"மாடுன்னா சொன்ன பக்கம் திரும்பும்" என்றாள் அவர் மனைவி.

மாமாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "பேரில்லாத பிள்ளைய மஞ்சுக்குள்ள கொண்டுட்டுப் போறோம், வாய மூடிட்டு வாங்கலே" என்றார். அவர் வாய் மூடவும் மஞ்சு இறங்கவும் சரியாக இருந்தது.

தேயிலை முடிந்து புல்மேடு தொடங்கும் இடத்தில் ஒரு முட்புதர். அங்கே என் வால் சிக்கிக்கொண்டது. பின்னாலிருந்து உங்கள் அம்மா, "ஏங்க, கயிறு மாட்டிக்கிட்டு" என்றாள்.

நான் செய்த தப்பு இதுதான். நில்லுங்கள் என்று முன்னால் இருக்கிறவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அது முடியாதென்றால் முன்னவரின் வாலை உங்கள் அம்மா கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு என் கயிற்றில் கை வைத்திருக்க வேண்டும். நான் முதலில் என் இடுப்பு முடிச்சை அவிழ்த்துவிட்டேன். அந்தப் பக்கமாக இழுத்து எடுத்துக்கொள்வாள், எடுத்து முனையை என் கையில் தருவாள் என்று ஒரு நினைப்பு. அதற்குள் முன்னால் இருந்தவர் இழுக்க, நாலு எட்டு வைத்துவிட்டேன். நாலுதான். கையைப் பின்னால் நீட்டினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"ஏபிள்ள" என்றேன். பதில் இல்லை.

முன்னால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வெட்கம். பெண்டாட்டி பிள்ளையைக் கைவிட்டுவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? இதோ வந்துவிடுவாள், இதோ வந்துவிடுவாள் என்று நடந்தேன். காலடியில் பாதை தீர்ந்து புல் மட்டும் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம்தான் பின்னாலிருந்து ஒரு கை என் கம்பளியின் முனையைப் பிடித்தது.

உயிர் வந்தது எனக்கு. "வந்துட்டியா? கயிறு கிடைச்சுதா?" என்று கேட்டேன். பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கோபப்படத்தான் வேண்டும்.

கொஞ்ச தூரம் போய், "பிள்ளை தூங்குதானா?" என்றேன்.

ஒன்றுமில்லை. பிடி மட்டும் இருந்தது. நான் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது. நான் தயங்கினால் அதுவும் தயங்கியது. இடது காலருகே வெள்ளைப் பாசி படர்ந்த ஒரு கல் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே மாதிரி இன்னொரு கல். பிறகு இன்னொன்று. மூன்றாவது கல்லின் உச்சியில் இருந்த வெட்டும் முதல் கல்லில் பார்த்த வெட்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நடந்துகொண்டேதான் இருந்தேன், ஏனென்றால் முன்னால் கயிறு இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. உங்கள் அண்ணனின் நெஞ்சுக் கரகரப்பு பத்தடிக்குக் கேட்கும். காலையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டேதான் நடந்திருந்தேன். இப்போது பின்னால் அந்தச் சத்தம் இல்லை. ஒன்று, பிள்ளை மூச்சு விடவில்லை. இல்லையென்றால் என்னைப் பிடித்திருப்பது உங்கள் அம்மா இல்லை. இதில் எது மேல் என்று நினைக்கிற அளவுக்கு மனசு போனது. கடவுள் மன்னிக்கட்டும்.

உங்கள் அம்மாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு தடவை. பதில் இல்லை. அது முறைதான், முதல் தடவைக்குப் பதில் சொல்லக் கூடாது. இரண்டாவது தடவை. பதில் இல்லை. அதுவும் முறைதான். மூன்றாவது தடவை கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதற்கும் பதில் வரவில்லையென்றால் அப்புறம் என்ன செய்வேன்? வெள்ளைக் கல் இன்னொரு தடவை வந்துபோனது.

கடைசியில் கூப்பிட்டேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து நடுங்கிக்கொண்டு ஓர் ஆண்குரல் வந்தது.

"யாருல அது? எம் மருமவன் கொரல்ல கூப்பிடுதது?"

மாமாவின் குரல். எல்லோருக்கும் முன்னால் போகிற மாமா.

"மாமா, நான்தான்" என்றேன்.

"நீ யாரா வேணா இரு. எம் மருமவன் எனக்கு ஆறாள் பின்னாடி வாரான். நீ எனக்கு முன்னாடி போற. யேசு மரியே சூசையே!"

"மாமா, நீங்கதான் எனக்குப் பின்னாடி வாரீக!"

"அடப் பாவி, நான்லா வழி காட்டிட்டு வாரேன்!"

எனக்கு முன்னாலிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். விஷயம் இதுதான். புல்மேட்டில் பாதை இல்லாமல் மாமா இடது பக்கமாகவே வளைந்து போயிருக்கிறார். மஞ்சில் யாரோ கம்பளி போர்த்த ஆள் முன்னால் போவது தெரிந்திருக்கிறது. கோயிலுக்குப் போகிற வேறு கூட்டம் என்று நினைத்துக் கம்பளி முனையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆள் நான். நான் பேசியது எதுவும் மப்ளர் சுற்றிய அவர் காதில் சரியாக விழவில்லை. விழுந்த மட்டுக்கும், தெரியாத ஆளுக்கு மஞ்சில் வாய் கொடுக்கக் கூடாது என்று பேசாமல் வந்திருக்கிறார். ஏழு பேரும் ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டு ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு முனை இருந்தது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"அப்பம் பிள்ளைக்காரி எங்க?" என்று கேட்டாள் ஞானத்தகப்பனின் மனைவி.

நான் சொன்னேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எந்தப் பக்கம் போவது? வட்டத்துக்கு முதலும் கிடையாது, முடிவும் கிடையாது. எல்லாருக்கும் தனக்கு முன்னால் யார் என்பது தெரியும், எங்கிருந்து வந்தோம் என்பது ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னாள்: "புல்லுல ஈரம் இருக்குல்லா. மிதிச்ச தடம் இருக்கும். வட்டத்துக்கு உள்ள வந்த தடம் ஒண்ணுதானே இருக்கணும்?" வெள்ளைக் கல்லைத் தொட்டுக்கொண்டு நான் நின்றேன். மற்றவர்கள் கயிற்றை விடாமல் சுற்றிலும் குனிந்து தடவிக்கொண்டே போனார்கள். கல்லிலிருந்து இருபது எட்டில் அவள் சத்தம் போட்டாள்: "இங்கன வெளிய போவுது!"

இனி திரும்பி நடக்க வேண்டும். கடைசி ஆளாக இருந்த நான் முதல் ஆள், முதல் ஆளாக இருந்த மாமா கடைசி. அப்படியே திரும்பிவிட முடியாது, எல்லோருடைய வாலும் தப்பான கையில் இருந்தது. ஒவ்வொருவராக மாற்றினோம். ஞானத்தகப்பன்தான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். புதுக் கயிறு கையில் வந்த பிறகுதான் பழையதை விடச் சொன்னார். ஒருவர் அவசரப்பட்டுக் கையை விட்டபோது, "அவசரப்படாதே, இப்பம்தான் ஒருத்தன் அவசரப்பட்டான்" என்றார். அந்தக் கேலிக்காரர் குரலில் கேலி இல்லை.

முட்புதரை நான் காலால்தான் கண்டுபிடித்தேன், முள் கிழித்தது. கையை விட்டுத் துழாவினேன். கயிறு இல்லை. அங்கே ஆளும் இல்லை. கிளையில் என் கயிற்றின் நார் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். காத்திருந்தேன். இரண்டாவது தடவை கூப்பிட்டேன். பின்னால் மாமா செபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன்.

"இங்கன இருக்கோம்" என்றாள் உங்கள் அம்மா. மிகவும் பக்கத்தில், பள்ளத்துப் பக்கமாக, ஐந்தாறு எட்டில்.

தங்கையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் கயிறு முழுதும் சுருட்டி வைத்திருந்தது. பிள்ளையின் நெஞ்சு கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நான் எந்தப் பாட்டுக்கும் ஒப்பிட மாட்டேன். அவன் தலைமுடி மட்டும் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"இழுத்தேன். கயிறு முழுசும் கையில வந்துட்டு. அந்த முனையில நீங்க இல்ல" என்றாள். அவள் அழுததாகத் தெரியவில்லை.

மறுபடி வரிசை கட்டும்போது நான் உங்கள் அம்மாவை எனக்கு முன்னால் விட்டேன். அவளுடைய வால் என் கையில். கொஞ்ச தூரம் போனதும் திரும்பாமலேயே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"பிள்ளைக்குத் தண்ணி ஊத்திட்டேன்."

"என்னது?"

"மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. சாகப்போற பிள்ளைக்கு யாரும் ஊத்தலாம்னு ஞானோபதேசத்துல படிச்சிருக்கோம்லா. கம்பளியப் பிழிஞ்சு ஊத்துனேன்."

"பேரு?"

அவள் பத்து எட்டு நடந்தாள். பிறகு சொன்னாள்: "பள்ளத்துப் பக்கமா ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக. தங்கச்சியும் கேட்டா. உங்க பேரும் இல்ல, எங்க பேரும் இல்ல. ஒம்பது பேர்ல ஒருத்தருக்கும் அந்தப் பேரு கிடையாது. யோசிச்சுப் பார்த்தேன். பேரில்லாம இருக்கது இவன் ஒருத்தன்தான். கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டாவது தடவை கூப்பிட்டாக. இன்னும் பக்கத்துல."

"அப்புறம்?"

"மூணாவதா மனுசர்தான கூப்பிடணும். அந்தப் பேரை நானே சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்டு ஊத்துனேன். அந்தச் சத்தம் நின்னுட்டு."

நாங்கள் போய்ச் சேரும்போது கோயில் வாசலில் ஜீப் கிளம்ப நின்றது. சாமியார் மலையாளத்துக்காரர், புத்தகத்தில் இருப்பது போலத் தமிழ் பேசுவார். பிள்ளையைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். உங்கள் அம்மா எதையும் மறைக்காமல் தண்ணீர் ஊற்றியதைச் சொன்னாள்.

"என்ன வார்த்தைகள் சொன்னாய்?"

"பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலேன்னு சொன்னேன், சாமி." பரிசுத்த ஆவிக்கு அன்றைக்குச் செபத்தில் அதுதான் பேர்.

"தண்ணீர் தலையில் ஓடியதா?"

"ஓடிச்சு."

"அப்படியானால் ஞானஸ்நானம் ஆகிவிட்டது. இரண்டாம் முறை கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. மற்றச் சடங்குகளை முடிக்கிறேன்." பதிவுப் புத்தகத்தை எடுத்தார். "பெயர்?"

சொன்னாள். மாமா துள்ளி எழுந்தார்.

"எங்க மச்சான் பேரைலா வைக்கணும்! பாட்டன் பேரு இருக்கும்போது இது எந்த ஊருப் பேரு? நம்ம சாதிசனத்துல, லயத்துல, ஒருத்தனுக்கு இந்தப் பேரு உண்டா? மாத்தி எழுதுங்க, சாமி."

"ஊற்றும்போது சொன்ன பெயர்தான் பெயர்" என்றார் சாமியார். ஆனாலும் பேனாவைப் பிடித்தபடி உங்கள் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "புனிதர் பெயராகவும் தெரியவில்லையே. இது உங்களில் யாருடைய பெயர்?"

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் அம்மா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"இப்பம் எம் மவனோடது, சாமி. எழுதுங்க."

அவர் எழுதினார்.